பூவாரம்

அஞ்சலாட்சி அந்தக் காயைப் பூவாரம் என்றுதான் சொல்வாள். அவள் இருபத்திரண்டு வருஷம் சமையல் வேலை பார்த்த வீட்டில் ரோசா மதாம் அதைப் புவாவ்ரோன் என்றாள். பிரெஞ்சில் குடைமிளகாய்க்கு அதுதான் பெயர். அஞ்சலாட்சியின் நாக்கில் அது முதல் வாரமே பூவாரம் ஆகிவிட்டது. கொஞ்ச நாளில் மதாமும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாள்.

கடையில் விற்கும் குடைமிளகாய் போல அது குண்டாக இருக்காது. ஒரு சாண் நீளம். நுனியில் மாட்டுக்கொம்பு போல லேசான வளைவு. பழுத்தால் குங்குமச் சிவப்பு. பார்க்கிறவர்கள் கிட்டே போகவே பயப்படுவார்கள். கடித்தால் இனிக்கும். மிளகாயின் வாசனை முழுக்க இருக்கும், காரம் மட்டும் இருக்காது.

மதாமின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அவர்களைச் சொல்தா என்பார்கள். பணி முடிந்து ஊர் திரும்பியபோது, பிரான்சில் தூலோன் ஊரில் பக்கத்துத் தோட்டத்துக் கிழவர் கொடுத்த விதையை மதாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் எடுத்து வந்தாள். அந்தக் கிழவருக்கு அவர் அம்மா கொடுத்த விதையாம். கடற்கரையை ஒட்டிய தெருவில் இருந்த அந்த வீட்டுக் கொல்லையில் வருஷா வருஷம் ஐப்பசி மழை விட்டதும் விதைப்பார்கள். மாசியில் பழுக்கும். வெயில் ஏறினால் பூ உதிர்ந்துவிடும். நல்ல பழமாக ஒன்றிரண்டைச் செடியிலேயே சுருங்க விட்டு, விதையை நிழலில் காயவைத்து, மறுபடி அதே டப்பாவில் போடுவாள் மதாம்.

ஒரு வருஷம் அஞ்சலாட்சி ஓட்டைப் பக்கெட் ஒன்றில் மிளகாய்ச் செடி வைத்தாள். அது பூத்த அன்று மதாம் பார்த்துவிட்டாள்.

“இத எடுத்துடு அஞ்சலே.”

“ஏம்மா, அவசரத்துக்குப் பறிச்சிக்கலாமே.”

“பூவாரத்துப் பக்கத்துல மொளகா கூடாது. ரெண்டுத்துக்கும் மரியாழ் ஆயிடும்.”

மரியாழ் என்றால் கல்யாணம். அந்த வீட்டில் வேலை செய்தவளுக்கு அந்த அளவுக்குப் பிரெஞ்சு தெரியும். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு முத்தியால்பேட்டை வரை நடந்தே வந்தாள். வழியெல்லாம் கோபம். நம்ம மிளகாய் பக்கத்தில் நிற்கக்கூடாத அளவுக்கு அது என்ன உசத்தி.

வீட்டில் அவள் புருஷன் கலியமூர்த்தி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“செடிக்குமா சாதி பாக்குறா உன் மதாம்?”

“அப்புடித்தான் போல.”

“ஜாதகம் பாத்தாளான்னு கேட்டியா?”

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பூவாரம் பூக்கும் காலத்தில் மதாம் கொசுவலைத் துண்டைச் சின்னப் பையாகத் தைத்து இரண்டு மூன்று மொட்டுகளுக்கு மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம், பொண்ணுக்கு முக்காடு போட்டாச்சா என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வாள். எறும்புக்காகப் போடுகிறாள் என்று நினைத்திருந்தாள். கேட்டதில்லை.

மதாமின் புருஷனை அஞ்சலாட்சி முசே என்பாள். முசே இறந்த பிறகு மதாமை அவள் மகள் தூலோனுக்கே அழைத்துக்கொண்டாள். போகும்போது மதாம் பிஸ்கட் டப்பாவை அஞ்சலாட்சியிடம் கொடுத்தாள். அங்கே மகளுக்கு மூன்றாவது மாடியில் வீடு, மண் கிடையாது. அந்த வருஷம் ஐப்பசி முடிந்ததும் அஞ்சலாட்சி தன் வீட்டு மொட்டை மாடியில் நாலு தொட்டியில் விதை போட்டாள். பக்கத்தில் ஓட்டைப் பக்கெட்டில் மிளகாய்ச் செடி. அது எப்போதும் இருப்பது. அதை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள்.

கலியமூர்த்தி பஞ்சாலையில் நெசவுப் பகுதியில் இருந்தவர். இரவு வேலையில் தூக்கம் வராமல் இருக்க வாயில் புகையிலையை அடக்கப் பழகினார். ஆலை மூடி, இரவு வேலை போன பின்னும் புகையிலை போகவில்லை. அந்த வருஷம் மார்கழியில் அவர் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் ஆறாமல் இருந்தது. தை பிறந்ததும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு முப்பத்தைந்து நாள் பஸ்ஸில் போய்வந்து கதிர்வீச்சு வைத்துக்கொண்டார். வாயின் உள்தோல் உரிந்தது. எச்சில் ஊறுவது நின்றது.

என்ன சாப்பிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பெண்ணின் பெயர் சரிதா. வாயை மறைத்த முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரியும்.

“காரம் ஒரு துளி கூடக் கூடாதும்மா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கூட ஆவும். அரைச்ச சாதம், முட்டை, பால். எடை நாப்பதுக்குக் கீழ போவக்கூடாது. போச்சுன்னா மூக்கு வழியா டியூப் வச்சித்தான் ஊத்தணும்.”

கலியமூர்த்தி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க் கட்டிலில் ஒருவருக்கு அந்தக் குழாய் இருந்தது. மூக்கிலிருந்து தொங்கிய முனையை அவர் மனைவி துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது அவர் அஞ்சலாட்சியின் கையைப் பிடித்தார். பஸ்ஸில் அவர் அப்படிச் செய்ததே இல்லை.

“அத மட்டும் போட உட்டுடாத,” என்றார். “வாயாலயே தின்னுட்டுப் போறேன்.”

ஆனால் வாயால் தின்னவில்லை. கஞ்சியை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரைத்த சாதத்தைப் பார்த்து, “கொழந்தைக்கா?” என்பார். குழம்பு சிவப்பாக இல்லாவிட்டால் அவருக்கு அது குழம்பு இல்லை. எடை நாற்பத்தொன்றுக்கு வந்தது.

அந்த மாசியில்தான் மாடியில் பூவாரம் பழுத்தது.

அஞ்சலாட்சி மூன்று பழத்தை அடுப்புத் தீயில் சுட்டு, தோலை உரித்து, விழுதாக அரைத்தாள். புளி பேருக்குக் காட்டி, தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, வைத்திக்குப்பத்தில் வாங்கிய கிழங்கா மீனை முள் எடுத்து உதிர்த்துப் போட்டாள். வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்தாள். குழைந்த சாதத்தின் மேல் ஊற்றியபோது தட்டு சிவந்தது.

அவர் முதலில் மோந்து பார்த்தார்.

“மொளகாயா?”

“ஆமா.”

“கூடாதுன்னாங்களே.”

“துன்னு பாருங்க.”

ஒரு கவளத்தை மெல்ல வாயில் வைத்து, அப்படியே வைத்திருந்தார். பிறகு விழுங்கினார்.

“காரமே இல்ல.”

“உங்க வாய் மரத்துப் போயிருக்கு.”

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. “ஏமாத்துறவள பாரு,” என்று தட்டை நகர்த்தினார். அவர் தட்டை முன்னால் நகர்த்தினால் இன்னும் போடு என்று அர்த்தம்.

வைகாசிக்குள் எடை நாற்பத்தாறு. மிச்சப் பழங்களை உலர்த்தி இடித்துப் பொடியாக வைத்துக்கொண்டாள். வருஷம் முழுக்க அந்தப் பொடிதான் அவருக்குக் குழம்பு. இன்னொன்றும் நடந்தது. நாலு தொட்டிப் பழமும் கடைசிவரை இனிப்பாகவே இருந்தது. மிளகாய்ச் செடி ஒரு முழம் தள்ளி நின்று பூத்துக் காய்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

“மரியாழும் இல்ல ஒண்ணும் இல்ல,” என்றாள் அஞ்சலாட்சி. “மதாம் சும்மா சொல்லியிருக்கா.”

நாலு தொட்டியிலும் நல்ல பழமாக ஒவ்வொன்று சுருங்க விட்டு விதை எடுத்தாள். மதாமின் டப்பாவில் ஒன்றாகப் போட்டு மூடினாள்.

ஹேமலதாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் ஒரே மகள். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கூடப் படித்த மரிய அருணைக் கோவிலில் மோதிரம் மாற்றிக் கட்டிக்கொண்டாள். மாதா கோவில். கலியமூர்த்தி போகவில்லை, அஞ்சலாட்சியையும் விடவில்லை. அன்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கும் போகவில்லை. பொழுது சாய்ந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “அவ பேர இந்த வூட்ல எடுக்காத,” என்றார். செடிக்குமா சாதி பாக்குறா என்று சிரித்தவர் இவர்தானா என்று அஞ்சலாட்சி நினைத்தாள். கேட்கவில்லை.

அது நடந்து நாலு வருஷம். ஹேமலதா சென்னையில் இருக்கிறாள். புதன்கிழமை மத்தியானங்களில் அவர் தூங்கும் நேரம் பார்த்து அம்மாவுக்குப் போன் செய்வாள். அவர் தூங்குவதில்லை என்று இருவருக்கும் தெரியும். வியாதி என்று தெரிந்ததும் வருகிறேன் என்றாள். அஞ்சலாட்சி கேட்டுப் பார்த்தாள். அவர், “செத்தப்புறம் வரட்டும்,” என்று சொல்லிவிட்டார்.

இரண்டாம் வருஷம் தை மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. இனி கதிர்வீச்சு தாங்காது, முடிந்தவரை சாப்பிட வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பேச்சு குழறியது. பொடி டப்பா காலியாகி அடியைச் சுரண்டும் நிலை. எடை மறுபடி நாற்பத்தொன்று. அஞ்சலாட்சி தினம் மூன்று தடவை மாடி ஏறி, புது நாலு தொட்டியில் காய் நிறம் மாறிவிட்டதா என்று பார்த்தாள். மூன்று தொட்டியில் காய் பழையபடி சாண் நீளத்தில் தொங்கியது. நாலாவது தொட்டியில் இரண்டு விரல் குட்டை, கொஞ்சம் ஒல்லி. அந்தப் பக்கம் தண்ணீர் சரியாகப் போகவில்லை என்று அதற்கு ஒரு சொம்பு கூட ஊற்றினாள். அதுதான் எல்லாவற்றுக்கும் முந்திப் பழுத்தது.

முதலில் பழுத்தவை நாலு. முதல் தொட்டியில் ஒன்று, நாலாவதில் மூன்று. முதல் தொட்டிப் பழத்தை அங்கேயே நின்று கடித்துப் பார்த்தாள். இனிப்பு. மீதி மூன்றையும் சுட்டு அரைத்தாள்.

அன்று புதன்கிழமை. அடுப்பில் குழம்பு இருக்கும்போதே போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அப்பா திட்டினாலும் பரவாயில்லை, வாசலில் நின்று பார்த்துவிட்டாவது போகிறேன் என்றாள் ஹேமலதா. கேட்டுச் சொல்கிறேன் என்று அஞ்சலாட்சி போனை வைத்தாள்.

அவருக்குத் தட்டு வைத்தாள். சிவந்த குழம்பைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் கவளத்தை வைத்து, அசையாமல் இருந்தார். இரண்டாவது வைத்தார். இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஏங்க, ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்றா. வரட்டுமா?”

அவர் சாதத்தை விரலால் பிசைந்தார். மூன்றாவது கவளம் எடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் இறங்குவதை அஞ்சலாட்சி பார்த்தாள்.

ஆலை மூடியபோது அவர் அழவில்லை. புற்று என்று சொன்னபோது அழவில்லை. புருஷன் அழுவதை உற்றுப் பார்ப்பது சரியில்லை என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். தட்டு தரையில் உரசி முன்னால் வந்தது. பார்க்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“பாவங்க அது. எவ்ளோ நாளைக்கு இப்புடி? வரட்டும், இன்னா?”

தலை மேலும் கீழும் ஆடியது. கடைக்கண்ணால் அவள் அதைப் பார்த்தாள்.

மாடிக்கு ஓடிப்போய்ப் போன் செய்தாள்.

“அப்பா அழுவுறாருடி. உன் பேச்ச எடுத்தேன், பொலபொலன்னு தண்ணி வருது. தலையாட்டிட்டாரு. கெளம்பி வா.”

மறுமுனையில் ஹேமலதாவும் அழுதாள். அஞ்சலாட்சி கொஞ்ச நேரம் தொட்டிகளின் பக்கத்தில் நின்றுவிட்டு இறங்கினாள். அவர் சாப்பிட்டு முடித்து எழுந்துபோயிருந்தார். தட்டில் ஒரு பருக்கை இல்லை. அவளுக்கு அன்றுதான் பசி தெரிந்தது. மிச்சக் குழம்பைச் சட்டியிலேயே சாதம் போட்டுப் பிசைந்து வாயில் வைத்தாள்.

காரம்.

பெரிய காரம் இல்லை. எந்த வீட்டிலும் வைக்கிற குழம்பின் காரம். அவள் ஒரு வருஷமாக அவர் சட்டியில் அறியாத காரம்.

பின்பக்கக் குழாயடிக்கு ஓடினாள். அவர் குனிந்து வாயில் தண்ணீரை நிரப்பி, துப்பாமல் அப்படியே வைத்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் தண்ணீரைத் துப்பினார்.

“மொளகா,” என்றார்.

குழறாமல் வந்தது அந்தச் சொல். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் பேசிக் கேட்ட கடைசிச் சொல் அது.

மறுநாள் காலை உதடு வீங்கி வாய் மூடவில்லை. பாலை ஸ்பூனில் வைத்தால் கையால் தட்டிவிட்டார். தண்ணீரையும் தட்டினார். மூன்றாம் நாள் கோரிமேட்டில் எடை முப்பத்தெட்டு. சரிதா ஒன்றும் கேட்காமல் குழாயை எடுத்து வந்தாள். அவர் அஞ்சலாட்சியைப் பார்த்தார். பஸ்ஸில் சொன்னதைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் தெரிந்து போடவில்லை, செடி ஏமாற்றிவிட்டது என்று. பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமலதா வார்டுக்கே வந்தாள். மரிய அருண் வெளியே நின்றுகொண்டான். அவள் அப்பாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. ஊசி குத்திய கை அது, இழுக்கிற தெம்பு இருந்ததா தெரியாது.

“எனக்காவ அழுதாராம்மா?”

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். கண்கள் மகளிடமிருந்து மனைவியிடம் வந்தன. அஞ்சலாட்சி, குழாயில் ஊற்ற வைத்திருந்த பால் டம்ளரைப் பார்த்தாள்.

“ஆமாடி,” என்றாள்.

குழாய் வைத்த இருபத்திரண்டாம் நாள் அவர் இறந்தார். அவர் சொன்னபடியே, அவர் செத்த பிறகும் ஹேமலதா வந்தாள். காரியத்துக்கு வந்தவர்களிடம், “அப்பா என்ன மன்னிச்சிட்டாரு. என் பேரச் சொன்னதும் அழுதாராம்,” என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். மரிய அருண் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கலியமூர்த்தியின் அக்கா அவனைக் கூப்பிட்டு, சாப்பிட்டியா தம்பி என்று கேட்டாள். அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்து மதாம் துக்கம் விசாரிக்க வாட்ஸப்பில் கூப்பிட்டாள். அஞ்சலாட்சி மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நாலாவது தொட்டியைப் பற்றிக் கேட்டாள்.

“பக்கத்துல மொளகா வச்சிருந்தியா?”

“மொத வருசமும் வச்சிருந்தேம்மா. ஒண்ணும் ஆவலியே. எல்லாம் இனிப்பாத்தான இருந்துச்சி.”

“அந்த வருசம் தெரியாதுடி. பழம் தாய் மாதிரியே இருக்கும். விதைக்குள்ள போயி உக்காந்துக்கும். அந்த விதைய நட்டாத்தான் தெரியும். அதுவும் எல்லாத்துலயும் வராது, ஒண்ணு ரெண்டுல வரும். அதுக்குத்தான் பூவுக்கு வலை கட்டுறது.”

“இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“சொன்னனே. மரியாழ் ஆயிடும்னு.”

அஞ்சலாட்சி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். தூலோனில் ஏதோ வண்டி போகும் சத்தம் போனில் கேட்டது.

“நாங்க சிரிச்சிட்டோம்மா,” என்றாள்.

வெயில் ஏறியது. மூன்று தொட்டியில் பூ உதிர்ந்து இலை சுருண்டது. நாலாவது மட்டும் வெயிலுக்கு அசரவில்லை. மிளகாயின் பிள்ளை. அஞ்சலாட்சி அதைப் பிடுங்குவதற்காக இரண்டு தடவை மாடி ஏறினாள். பழுத்த காய் இருந்தது. இறங்கி வந்துவிட்டாள்.

ஒரு புதன்கிழமை அதே மாதிரி மூன்று பழம் பறித்தாள். அதே மாதிரி சுட்டு, தோல் உரித்து, அரைத்தாள். அதே கிழங்கா மீன், அதே அளவு தேங்காய்ப்பால். சாதத்தைக் குழைய வடித்து, அவர் தட்டில் போட்டு, அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

முதல் கவளம் வைத்தாள். இரண்டாவது. நாக்கில் சுருக்கென்றது. மூன்றாவது. நெற்றியில் லேசாக வியர்வை. கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தட்டை நகர்த்திவிட்டு, அப்புறம் நினைவு வந்து, தானே எழுந்து இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். அதையும் சாப்பிட்டாள். இந்தக் காரத்துக்கு யாரும் அழ மாட்டார்கள்.

ஆனால் அவளுடையது நல்ல வாய். எச்சில் ஊறுகிற வாய். அதை வைத்து எப்படிச் சொல்வது.

கை காய்ந்துபோகும்வரை தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது.

“சாப்டியாம்மா?” என்றாள் ஹேமலதா.

“சாப்டேன்.”

“இன்னா கொழம்பு?”

“மீனுதான். பூவாரம் போட்டு.”

“அப்பாவுக்குப் புடிச்சதாச்சே.”

“ஆமா,” என்றாள் அஞ்சலாட்சி.